கடைசி இலக்கம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேய், ஆவி, மறு உலகம் இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இருந்ததே இல்லை. போர்ட் பிளேர் பஜாரில் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் நான். மிக்ஸி, இன்வெர்ட்டர், டிவி, இப்போது அதிகமாக மொபைல். பெட்டிக்குள்ளிருந்து தானாக ஏதோ சத்தம் வருகிறது என்று முகம் வெளிறிப்போய்க் கொண்டுவருவார்கள், திறந்து பார்த்தால் பல்லி ஒட்டிக் கிடக்கும், இல்லையென்றால் கடல் காற்று அரித்த ஒயர் ஒன்று அப்படியே பொடிந்து கையோடு வரும். எதையும் திறந்து பார்த்தால் காரணம் தெரிந்துவிடும் என்று இருந்தவன். பழைய ஜெயில் பக்கம் முனகல் கேட்கிறது என்று ஆட்டோக்காரர்கள் டூரிஸ்ட்டுகளிடம் அளப்பதைக் கேட்டால் சிரிப்பேன். அதனால் நான் இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால் நானும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு, தேய்ந்த காசு சேர்ப்பது. நல்ல காசு சேர்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், எனக்கு அது வேண்டாம். ராஜா தலையும் போய், எழுத்தும் போய், வருடமும் போய், வெறும் தகடாகி, பழைய இரும்பு வாங்கும் கபாடிக்காரன்கூட எடைக்குப் போட யோசிக்கிற காசுதான் வேண்டும். சர்க்யூட் போர்டு அரிக்க ஒரு திரவம் வைத்திருப்போம், பெர்ரிக் குளோரைடு, கெட்டியான டிகாஷன் மாதிரி இருக்கும், துணியில் பட்டால் கறை போகாது. அதில் ஒரு சொட்டை, காசில் வருடம் இருந்த இடத்தில் வைத்தால், சில காசில் வருடம் திரும்ப வரும். மந்திரம் ஒன்றுமில்லை. காசு அடிக்கும்போது எண் விழுகிற இடத்தில் உலோகம் அதிகம் அழுந்தி இறுகிவிடுகிறது. மேலே தேய்ந்து போனாலும் அந்த இறுக்கம் அடியில் இருக்கும். திரவம் இறுகின இடத்தை ஒரு மாதிரியும் மற்ற இடத்தை ஒரு மாதிரியும் அரிக்கும், அந்த வித்தியாசத்தில் எண் நிழல் போலத் தெரியும். ரொம்ப நேரம் விட்டால் நிழலும் சேர்ந்து கரைந்துவிடும், அதற்கப்புறம் யாராலும் எதுவும் செய்ய முடியாது. மெயின்லேண்டில் இருக்கிற காசு நண்பர்கள் என்னைத் திட்டுவார்கள், காசைக் கெடுக்கிறாய், இப்படிச் செய்த காசை எவனும் தொடமாட்டான் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு ஒன்பது மெல்லக் கிளம்பி வருவதைப் பார்த்திருக்கிறீர்களா, அதற்காகத்தான்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. முற்பகல் நேரம், கடைக்கு வெளியே சாக்கடை நிரம்பி ரோட்டில் ஓடுகிறது, பக்கத்து டீக்கடை பெங்காலி தன் பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறான். அப்போது ஒரு அம்மா வந்து நின்றார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், நல்ல உயரம், ஆனால் சேலை கொடியில் கிடப்பதுபோல உடம்பில் தொங்கியது. குடையை மடக்கி வெளியே சாய்த்துவிட்டு, செருப்பையும் வாசலில் கழற்றிவிட்டு வந்தார். கடைக்குள் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை.

"தேஞ்ச காசுல வருசத்த வரவழைக்கிறது நீங்கதானா தம்பி?" என்று கேட்டார்.

பேச்சிலேயே தெரிந்துவிட்டது, இலங்கை மலைநாட்டுத் தோட்டத்துத் தமிழ். எங்கள் அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து மஸ்தூர், அதாவது கூலி வேலைக்கு வந்தவர், எங்கள் வீட்டுத் தமிழ் வேறு. அந்த அம்மாவின் பெயர் பாக்கியம். ஃபெரார்கஞ்சில் அண்ணன் மகன் வீட்டில் இருக்கிறார், அந்தப் பையன் என்னிடம் இன்வெர்ட்டர் ரிப்பேருக்குக் கொடுத்தபோது மேசையில் காசுகளைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறான். பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்த வழியில் இங்கே வந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். வயிற்றைத் தொட்டுக் காட்டி, மெயின்லேண்டுக்குப் போகச் சொல்கிறார்கள், நான் போகமாட்டேன் என்றார், பஸ் கிடைக்கவில்லை என்று சொல்வதைப் போல.

காசு பையில் இல்லை, முந்தானையில் முடிந்து வைத்திருக்கவில்லை, வலது கை முஷ்டிக்குள் இருந்தது. விரலைப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தார், சூடாக இருந்தது. இலங்கைக் காசு, பழைய ஐந்து சதம், மஞ்சள் நிறம், சதுரமாக மூலை மழுங்கி இருக்கும், அங்கிருந்து வந்த குடும்பங்களில் ஒன்றிரண்டு இன்னும் கிடக்கும். ஒரு மூலையில் ஆணி வைத்து அடித்த ஓட்டை. தலை ஓரளவு தெரிகிறது, மறுபக்கத்து எழுத்தும் தெரிகிறது, வருடம் இருக்க வேண்டிய இடம் மட்டும் கண்ணாடி மாதிரி வழவழவென்று, லேசாகக் குழிந்துகூடப் போயிருந்தது. நான் எத்தனையோ தேய்ந்த காசு பார்த்திருக்கிறேன், இப்படி ஒரே இடத்தில் தேய்ந்ததைப் பார்த்ததில்லை.

இது எப்படிம்மா இந்த இடம் மட்டும் என்றேன்.

"நாந்தான்," என்று கட்டைவிரலைக் காட்டினார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். காசை விட்டுவிட்டுப் போங்கள், நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இல்லை, நான் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, என்ன வருடம் வரவேண்டும் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தார்.

நிக்கோபாரில் கட்சால் தீவில் ரப்பர் தோட்டம். இலங்கையிலிருந்து குடும்பத்தோடு கப்பலேற்றி அங்கே குடிவைக்கப்பட்டவர்களில் இவர் குடும்பமும் ஒன்று. புருஷன் சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகள், சுமதி. பக்கத்து வீட்டில் ராசம்மா, அவளுக்கும் அதே வயதில் ஒரு பெண், கலா. பாக்கியம் விடிவதற்கு முன்னால் ரப்பர் பால் வெட்டப் போய்விடுவார், இரண்டு பிள்ளைகளையும் ராசம்மாதான் பார்த்துக்கொள்வாள். சுனாமி வந்த அந்த டிசம்பரில் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் விடாத காய்ச்சல் வந்தது. காய்ச்சலுக்கு மணிக்கட்டில் காசு கட்டுவது அவர்கள் வழக்கம். இவர் தன் மாமனாருக்குக் கல்யாணம் நடந்த வருடத்துக் காசை, 1944, சுமதிக்குக் கட்டினார். ராசம்மா வீட்டில் இருந்தது 1945. இரண்டையும் ஓட்டை போட்டுக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கட்டியது இவர்தான்.

கிறிஸ்மஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச் ஜோடனையைப் பார்க்க வேண்டும் என்று காய்ச்சல் விட்ட பிள்ளைகள் கேட்டதால் இரண்டையும் கூட்டிக்கொண்டு கடலோரம் இறங்கிப் போனார், அப்படியே மீன் வாங்கலாம் என்று. ராசம்மா வரவில்லை. அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். பூமி ஆடியது, கடல் உள்ளே போனது, எல்லோரும் ஓடினார்கள். இவர் ஆளுக்கொரு கையாக இரண்டு பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு ஓடினார். நடுவில் விழுந்தார். எழுந்தபோது திரும்பவும் இரண்டு கைகளைப் பிடித்தார், எந்தப் பக்கம் யார் என்று பார்க்க நேரமில்லை. தண்ணீர் வந்தது. வலது கையில் ஒரு கை இருந்தது, இடது கை காலி. இடது கையால் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டார். தண்ணீர் சேறு, ஓலை, பலகை, ஒன்றும் தெரியவில்லை, வலது கை தண்ணீருக்குள்ளேயே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தாராம், இரண்டு பேர் பெயரையும் சொல்லி. பிறகு தண்ணீர் திரும்பிப் போனபோது அந்தப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மேலே ஏறி வந்தவர்கள் இவர் முஷ்டியைப் பிரிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. உள்ளே இந்தக் காசு இருந்தது, அறுந்த கயிறோடு.

இரண்டு பிள்ளைகளும் கிடைக்கவே இல்லை.

கேம்பில் இருந்தபோது காசைத் திருப்பி வருடத்தைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்க்கப் பயந்து கட்டைவிரலை அதன்மேல் வைத்துக்கொண்டார். அந்த விரல் அங்கேயே நின்றுவிட்டது. தூங்கும்போதும், கஞ்சி குடிக்கும்போதும், பிறகு கட்சாலை விட்டு இங்கே வந்து சேர்ந்த பிறகும், இத்தனை வருடமும் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ராசம்மாவிடம், தண்ணீர் வருவதற்கு முன்பே இரண்டு பேரும் கையை விட்டுவிட்டார்கள் என்று சொல்லிவைத்திருக்கிறார். அவள் இப்போது இன்னொரு தீவில், ஹட் பே என்ற ஊரில் இரண்டாவது மகளோடு இருக்கிறாள், பொங்கலுக்கு போன் செய்வாள், இரண்டு பேரும் அந்தப் பேச்சை மட்டும் எடுக்கமாட்டார்களாம்.

அந்த நாளில் நாங்கள் பிளேரில் மேட்டில் இருந்தோம், என் வீட்டில் ஒரு தட்டுகூட உடையவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமே என்று, நாலு வரவேண்டுமா அஞ்சு வரவேண்டுமா என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு மோசமான கேள்வி என்று உறைத்தது.

அவர் கோபப்படவில்லை. "நாலுன்னா என் புள்ளைய நாந்தான் வுட்டேன். அஞ்சுன்னா ராசம்மா புள்ளைய வுட்டேன், என் புள்ள யாரும் புடிக்காமப் போயிருக்கு. எது வந்தாலும் தூக்கம் வரப்போறதில்ல தம்பி. தெரியாம மட்டும் போயிறக் கூடாது."

காசு ரொம்ப மெல்லிசு, ஒரு தடவைதான் செய்ய முடியும், வராமலும் போகலாம் என்று சொன்னேன். தலையாட்டினார்.

சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, சின்னப் பீங்கான் தட்டில் வைத்து, பல்குச்சி நுனியால் ஒரு சொட்டு வைத்தேன். கழுவும் தண்ணீர்க் கிண்ணம் எனக்கு இடப்பக்கம், இரண்டு கையும் வேண்டும், ஒரு கையால் இடுக்கியில் பிடித்து மறு கையால் கிண்ணத்தை இழுக்க வேண்டும். இது முக்கியம், அதனால் சொல்கிறேன். பாக்கியம்மா மேசைக்கு அந்தப் பக்கம், மடியில் இரண்டு கையையும் கோத்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசை அகலம் எங்கள் நடுவில். நல்ல பகல் வெளிச்சம், டியூப்லைட்டும் எரிகிறது, வெளியே பெங்காலியின் ஸ்டவ் சத்தம் கேட்கிறது. பெங்காலி வைத்துவிட்டுப் போன டீயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

முதல் சொட்டைக் கழுவினேன், ஒன்று என்ற எண் வந்திருந்தது. இரண்டாவது சொட்டில் ஒன்பதும் நாலும் வந்தன. அதுவரை இரண்டு காசுக்கும் ஒரே எண்தான், கடைசி இலக்கம்தான் விஷயம். அந்த இடம்தான் ரொம்பக் குழிந்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே திரவத்தை வைத்துவிட்டு, லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தேன். இடது கை பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கையை யாரோ பிடித்தார்கள்.

சுட்டு விரலையும் நடு விரலையும் சேர்த்து ஒரு சின்னக் கை பிடித்தது. கடைத்தெருவில் அம்மாவைத் தவறவிட்ட குழந்தை ஏதோ உள்ளே வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன், நம்புங்கள், பயமே வரவில்லை. குனிந்து பார்த்தேன். என் கை தொங்கிக்கொண்டிருக்கிறது, கீழே சிமெண்டுத் தரை, வேறு ஒன்றுமில்லை. ஆனால் பிடி இருக்கிறது. ஈரம், தாங்க முடியாத குளிர்ச்சி, உள்ளங்கை மணல் ஒட்டினது போல நறநறவென்று. அதன் மணிக்கட்டில் கயிறு போல ஏதோ என் சுண்டுவிரலில் உரசியது. கையை உதறினேன், வரவில்லை. பிடி இறுகியது. குழந்தை ஆசையாகப் பிடிக்கிற பிடி இல்லை அது. கீழே இழுக்கிற பிடி, போகிற உயிர் பிடிக்கிற பிடி. நகம் என் தோலில் இறங்கியது. ஸ்டூல் ஒரு பக்கம் சாய்ந்தது, நான் வலது கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பாக்கியம்மா தலையைத் தூக்கவும் இல்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"விட்றாதீங்க தம்பி. கெட்டியாப் புடிச்சுக்கங்க."

பிடித்துக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். அதுவரை உதறிக்கொண்டிருந்த விரல்களை மடக்கி அந்தக் கையைச் சுற்றிப் பிடித்தேன். பிடித்ததும் உள்ளே எலும்பு தெரிந்தது, அவ்வளவு சின்ன எலும்பு. ஒரு பக்கம் தட்டில் திரவம் வேலை செய்கிறது. லென்ஸ் வழியாகப் பார்க்கிறேன், கடைசி இலக்கம் கிளம்புகிறது, ஒரு நேர்க்கோடு, அதன் பக்கத்தில் ஏதோ வளைவோ கோணமோ, இன்னும் தெளியவில்லை. இப்போதே எடுத்துக் கழுவ வேண்டும், தாமதித்தால் போய்விடும். கழுவ இடது கை வேண்டும். மேசையைப் பிடித்திருக்கிற வலது கையை எடுத்தால் நான் கீழே போகிறேன். எங்கே கீழே என்று கேட்டால் எனக்குத் தெரியாது, சிமெண்டுத் தரைதான், ஆனால் அப்போது அது தரையாகத் தோன்றவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று சொல்ல முடியவில்லை. பிறகு ஒரு இழுப்பு வந்தது. அந்தக் குழந்தை இழுக்கவில்லை, குழந்தையை வேறு ஏதோ இழுத்தது, இந்த வித்தியாசம் கைக்கு நன்றாகத் தெரியும். பெரிய, அவசரமில்லாத இழுப்பு. என் பலம் முழுவதையும் போட்டேன். சின்ன விரல்கள் ஒவ்வொன்றாக என் கைக்குள்ளிருந்து நழுவின. கடைசி விரல் கொக்கி போல மாட்டிக்கொண்டு கொஞ்சம் நின்றது. அதுவும் போய்விட்டது.

ஸ்டூலோடு பின்னால் விழுந்தேன். எழுந்து காசைத் தண்ணீரில் போட்டேன். ஒன்று, ஒன்பது, நாலு என்ற மூன்று எண்களும் நிழலாக நின்றன. நாலாவது இடத்தில் காசு அரித்துப் போய் அந்தப் பக்கம் தெரிந்தது, ஊசி நுழைகிற ஓட்டை. டீயைப் பார்த்தேன், ஆறி ஆடை படர்ந்திருந்தது. என் இடது கை காய்ந்துதான் இருந்தது, ஒரு கீறல் இல்லை.

காசை அவர் முன்னால் வைத்தேன். ஓட்டையைப் பார்த்தார், விரலால் தடவினார். என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "நகம் இருந்துச்சா?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"அந்தக் கையில. நகம் இருந்துச்சா, இல்ல கடிச்சு மொட்டையா இருந்துச்சா? எனக்கு நெனப்பில்ல தம்பி. தண்ணியில என் கையி மரத்துப் போச்சு."

சுமதி நகம் கடிப்பாளாம். ரத்தம் வருகிற அளவுக்கு. எத்தனை அடித்தும் விடவில்லையாம்.

நான் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் எந்தப் பொய் அவருக்கு நல்லது என்று தெரிந்தால்தானே சொல்ல முடியும்? நகம் இருந்தது, குத்தியது என்றேன். அவர் அழ ஆரம்பித்தார், சத்தமில்லாமல், வாயைத் திறந்து. என் புள்ளைய யாருமே புடிக்கல என்று மட்டும் சொன்னார். பெங்காலி எட்டிப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று என்னிடம் சைகையில் கேட்டான், நான் கையை ஆட்டி அனுப்பினேன்.

போகும்போது, ராசம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், என் வாயால் வராது என்றார். கலாவைத்தான் பிடித்திருந்தேன், முடிந்தவரை பிடித்திருந்தேன் என்று சொல்லச் சொன்னார், சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். காசைத் திரும்ப முஷ்டிக்குள் வைத்துக்கொண்டு மழையிலேயே போய்விட்டார், குடையை எடுக்கவில்லை. நான் பின்னாலேயே ஓடிக் கொடுத்தேன்.

மழைக்காலம் முடிவதற்குள் அண்ணன் மகன் போன் செய்தான், அத்தை இறந்துவிட்டார் என்று. கடைசி நாட்களில் வலி அதிகமாம், ஆனால் அதைப் பற்றிப் பேசவில்லையாம், பிள்ளை தனியாப் போச்சு என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாராம். காசைக் கையோடேயே வைத்து எரித்துவிட்டார்கள்.

கொடுத்த வாக்கு இருக்கிறதே. கடல் கொஞ்சம் அடங்கியதும் ஹட் பே ஊருக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துப் போனேன். ராசம்மா அக்கா வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. குள்ளமான பெண்மணி, முட்டிவலி, கட்டிலில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். பாக்கியம் செத்ததைக் கேள்விப்பட்டிருந்தார். நான் காசு விஷயத்தைச் சொன்னேன், இரண்டு கை விஷயத்தைச் சொன்னேன், கடைசியில் என் கடையில் நடந்ததையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது, இல்லாவிட்டால் நகம் என்று எதை வைத்துச் சொல்வது. பைத்தியக்காரன் என்று வெளியே அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"கலா கையில காசு இல்லியே தம்பி," என்றார்.

கயிறு உறுத்துகிறது என்று அழுததால் முதல் நாள் ராத்திரியே அவிழ்த்து அரிசி டின்னில் போட்டுவிட்டாராம். பாக்கியத்துக்கு அது தெரியாது. பூமி ஆடியதில் இடிந்த வீட்டோடு டின்னும் போய்விட்டது.

அப்படியென்றால் நகம் என்றேன்.

சுமதி நகம் கடிப்பதை நிறுத்தி நாளாகிவிட்டது என்றார் ராசம்மா அக்கா. பகல் முழுக்கத் தன்னிடம் இருக்கிற பிள்ளை, விரலில் வேப்பெண்ணெய் தடவித் தடவித் தான்தான் அந்தப் பழக்கத்தை விடவைத்தாராம். நகம் நன்றாக வளர்ந்துவிட்டது. அம்மாவிடம் இப்போதே காட்டக் கூடாது, புது வருஷத்துக்கு மருதாணி வைத்துக்கொண்டு காட்ட வேண்டும் என்று அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறது. பாக்கியம் வேலை முடிந்து வந்தால் விரலை மடக்கிக்கொண்டு நிற்குமாம்.

ராசம்மா அக்கா திரும்பப் பாக்குவெட்டியை எடுத்தார், ஆனால் வெட்டவில்லை.

"அவ புள்ளையத்தான் புடிச்சிருந்திருக்கா. சொல்லியிருந்தா நிம்மதியாப் போயிருப்பா." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எம் புள்ளைதான் தனியாப் போயிருக்கு தம்பி."

திரும்பி வரும் கப்பலில் இதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். நான் ஒரு வார்த்தை சொன்னேன், அந்த அம்மா அதை எடுத்துக்கொண்டு அழுதுகொண்டே செத்தார், அவர் நினைத்தது தப்பு. அதே வார்த்தையை எடுத்துக்கொண்டு வந்து இந்த அம்மாவிடம் கொடுத்தேன், இவருக்கு இருந்த கொஞ்ச நிம்மதியும் போய்விட்டது. இல்லை, ராசம்மா அக்கா சொன்னதாவது உண்மையா? தன் பிள்ளை அந்தத் தண்ணீரில் ஒரு கையைப் பிடித்திருந்தும் நழுவிப் போனது என்பதைத் தாங்க முடியாமல் உட்கார்ந்த இடத்திலேயே கட்டிச் சொன்னாரா? காசு சாம்பலோடு போய்விட்டது. கேட்க ஆளில்லை. எனக்குத் தெரிந்தது, பிடித்தது ஒரு பிள்ளை, நழுவியது என் கையிலிருந்து, அவ்வளவுதான். இப்போது நான் காசில் சொட்டு வைப்பதில்லை. போர்டு அரிக்கிற வேலை வந்தால் வேறு கடைக்கு அனுப்பிவிடுகிறேன்.

நீங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் சொல்லலாம், நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா சொன்ன கதை மனதில் ஏறிவிட்டது, குனிந்தே உட்கார்ந்ததில் கை மரத்துவிட்டது, தலை சுற்றி விழுந்துவிட்டேன். டாக்டரும் அதைத்தான் சொன்னார். சரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ரேஷன் கடைக்குப் போனேன். சால்டரிங் வேலையில் என் வலது கை ரேகை மிஷினில் எடுக்காது, எப்போதும் இடது சுட்டு விரலைத்தான் வைப்பேன். வைத்தேன், எடுக்கவில்லை. நடு விரலை வைத்தேன், அதுவும் எடுக்கவில்லை. மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, கை ஈரமாக இருக்கிறது என்று காட்டுகிறது, துடைத்துவிட்டு வையுங்கள் அங்கிள் என்று ஹிந்தியில் சொன்னாள். வெளியே சுள்ளென்று வெயில், என் கை காய்ந்து கிடக்கிறது. காட்டினேன். அவள் நம்பாமல், தானே பிடித்து அழுத்திப் பார்க்கலாம் என்று என் இரண்டு விரலையும் பிடித்தாள்.

உடனே விட்டுவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே துப்பட்டாவில் தன் கையைத் துடைத்தாள். முதலில் உள்ளங்கையை, பிறகு ஒவ்வொரு விரலாக, மணலைத் தட்டிவிடுவதைப் போல.